பூக்காவுக்கு பெரட்டுல பேர் இருக்கா?

மலேசியாத் தம்பி ஒருத்தர் எழுதிருக்கார்:

வணக்கம்க்கா. எனக்கு ஊரு சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் ஒரு கையுறை ஃபேக்டரில நைட் ஷிப்ட் வேலை. பிரேக் டைம்ல போன்லயே டைப் பண்ணி ஒரு குறுநாவல் முடிச்சிருக்கேன், 94 பக்கம் வருது, இதோட அனுப்பிருக்கேன். அயர்லாந்துல பூக்கான்னு ஒரு ஃபேரி, நெனச்ச உருவம் எடுக்கும், மனுசங்கள ஏமாத்தி விளையாடும், அது எங்க எஸ்டேட்டுக்கு வந்து கித்தாக்காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு பால் மங்க (பால் வடியற கிண்ணம்) கவுத்து விடுது, பெரிய கிராணி (ஆபீஸ் தலைமை கிளார்க்) மாதிரி வந்து எல்லாருக்கும் லீவு குடுக்குது, அப்புறம் பால் வெட்டுற பொண்ணு ஒருத்திய பாத்துட்டு தானும் மனுசனா வாழணும்னு ஏங்குது. இதான் கதை. வெள்ளக்காரன் பேய் நமக்கு எதுக்குடா, மோகினின்னு மாத்திடுன்னு ஒரு கூட்டாளி சொல்றான். இன்னொருத்தன் முதல் பாதி சூப்பர், அது அழ ஆரம்பிச்சதுல இருந்து தூக்கம் வருதுங்கறான். முடிவுல அந்தப் பொண்ணு முத்தம் குடுத்ததும் ஒரு வெளிச்சம் வந்து அது மனுசனாயிடும், எங்க தங்கச்சி அத படிச்சிட்டு சினிமா மாதிரி இருக்குன்னு சிரிக்கறா. போட்டிக்கு அனுப்பலாமா, இல்ல தூக்கிப் போட்டுட்டு வேற எழுதலாமாக்கா?

பதில்:

தம்பி, தூக்கிப் போடாதீங்க. இப்போதைக்கு அனுப்பவும் அனுப்பாதீங்க.

22 வருசமா மத்தவங்க கதைய திருத்தித்தான் என் பொழப்பு ஓடுது, அதனால நல்லாருக்குன்னு சும்மா சொல்லி அனுப்பிவிடற பழக்கம் எனக்கு கெடையாது. 94 பக்கத்தையும் ரெண்டு தடவ படிச்சேன், ரெண்டாவது தடவ பிரிண்ட் போட்டு பென்சிலோட. பென்சில் கோடு விழாத பக்கம் 11 இருக்கு. முதல் நாவலுக்கு அது பெரிய விசயம், நம்புங்க.

முதல்ல அந்த மோகினி விசயத்த முடிச்சிடறேன். மாத்த வேணாம். மோகினிக்கு அவளோட சொந்தக் கதை இருக்கு, ஆம்பளைய மயக்கறது, பழி வாங்கறது, அவ எதுக்கு வந்து மங்க கவுத்துக்கிட்டு இருக்கப் போறா. உங்க பூக்காவோட கொணத்துக்கு நம்ம பக்கம் ஒறவுன்னு பாத்தா அது குறளி. வீட்டுல வச்ச சாமான் வச்ச எடத்துல இல்லன்னா எங்க பாட்டி குறளி வேலைன்னுதான் சொல்லும், இல்லாதத இருக்கற மாதிரி காட்டறதுக்கு குறளி வித்தைன்னே பேரு. ஆனா அதுக்காக குறளின்னு மாத்திடுங்கன்னும் நான் சொல்லல. கதைக்குள்ள பாட்டி அத குறளின்னு சொல்லட்டும், கம்போங்குல, அதான் மலாய்க் கிராமத்துல இருந்து வர்ற தாத்தா அது ஓராங் பூனியான், மேல் உதட்டுக்கு நடுவுல பள்ளம் இருக்கான்னு பாருங்கன்னு சொல்லட்டும் (பூனியான்னா காட்டுல கண்ணுக்குத் தெரியாம வாழற ஆளுங்க, அவங்களுக்கும் புலியா மாறுற ஆளுக்கும் அந்தப் பள்ளம் இருக்காதுன்னு அவங்க பக்கம் ஒரு நம்பிக்கை), துரை மட்டும் பூக்கான்னு சொல்லட்டும். ஆளாளுக்கு ஒரு பேரு வைக்கறாங்க, அதுக்குன்னு சொந்தமா ஒரு பேரு இல்ல. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வேணும்.

வெள்ளக்காரன் பேய் எஸ்டேட்டுக்கு ஒட்டாதுன்னு சொல்ற அந்தக் கூட்டாளிய ஒரு ஞாயித்துக்கிழம மோட்டோர்ல ஏத்திக்கிட்டு கோலக் கங்சார் போங்க, அங்க ஒரு கித்தா மரம் நிக்குது. 1876-ல பிரேசில்ல இருந்து வெதைய லண்டனுக்கு கொண்டுபோயி மொளைக்க வச்சு, 1877-ல சிங்கப்பூருக்கு வந்த கன்னு வெறும் 22, அதுல 9 கன்னு கோலக் கங்சாருக்கு வந்துச்சு, அந்தக் காலத்து மரத்துல ஒண்ணுதான் அது. மரம் பிரேசிலு, அப்புறம் வந்த செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆப்பிரிக்கா, வெட்ட வந்த நாம சேலம் தஞ்சாவூரு, வேல வாங்குனவன்ல நெறையப் பேரு ஸ்காட்லாந்துக்காரன். இதுல பூக்கா மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? துரையோட பெட்டியில ஒட்டிக்கிட்டு கப்பலேறிட்டான்னு ஒரு வரி போட்டா போதும், எவனும் பாஸ்போர்ட் கேக்க மாட்டான்.

ஆனா கொண்டுவந்தா அதோட சட்டதிட்டத்தோட கொண்டுவரணும். அங்கதான் நீங்க கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணிட்டீங்க. ஃபேரின்னதும் ரெக்கை வச்ச தேவதைய தமிழ்ல எல்லாரும் நெனச்சுக்கறோம், உங்க 3-ஆம் பக்கத்துலயே அது மினுக் மினுக்னு பறக்குது. அயர்லாந்துக் கிராமத்துல பூக்கா அப்படியெல்லாம் மினுக்காது. கறுப்புக் குதிரையா வரும், ஆடா வரும், நாயா, மொசலா வரும், ராத்திரில தனியா நடக்கறவன முதுகுல ஏத்திக்கிட்டு காடு மேடெல்லாம் தெறிக்க ஓடி விடியக்காலம் சேத்துல தள்ளிட்டுப் போயிடும். நவம்பர் 1-க்கு மேல பிளாக்பெர்ரி பழத்த பறிச்சு சாப்பிடக் கூடாதும்பாங்க, பூக்கா அதுமேல துப்பிட்டுப் போயிருக்குமாம். அறுப்பு முடிஞ்சா வயல்ல கொஞ்சம் கதிர அதுக்குன்னு விட்டு வைப்பாங்க. நம்ம தீபாவளியும் அந்தச் சமயத்துலதான வரும், ஒரு காட்சி சும்மாவே கெடைக்குதுலா. இன்னொண்ணு, அந்த ஊர்ல ஃபேரின்னு வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, நல்லவங்கன்னுதான் சொல்வாங்க, பயத்துல. நாம நல்ல பாம்புன்னு சொல்றோமே அதே கணக்கு.

அப்புறம் இரும்பு. இத எப்படி விட்டீங்கன்னு எனக்கு ஆச்சரியம். ஃபேரிக்கு இரும்பு ஆகாது, அதுக கொழந்தைய மாத்தி வச்சிட்டுப் போயிடும்னு பயந்து தொட்டிலுக்கு குறுக்கால அடுப்பு இடுக்கிய வச்சிருக்காங்க. நம்ம வீட்டுல புள்ளை பெத்தவ தலமாட்டுல கத்தியோ அருவாளோ வைக்கறது எதுக்கு? ரெண்டு கெழவிங்க, ஒருத்தி அயர்லாந்து ஒருத்தி எஸ்டேட் லயத்து வீடு, ஒருத்திய ஒருத்தி பாத்தது கூட கெடையாது, ஒரே இரும்ப கையில வச்சிருக்காங்க. ஆனா உங்க 58-ஆம் பக்கத்துல பூக்கா அந்தப் பொண்ணுக்கு ஒத்தாசையா உளிய எடுத்து 20 மரம் சீவுது, கையில ஒரு கொப்புளம் கூட வரல. கொப்புளம் வரணும் தம்பி. தோல் வெந்து உரியணும், வலிச்சும் வெட்டணும். அவ கேக்கணும் கையில என்னான்னு, அது ஏதோ பொய் சொல்லி மழுப்பணும். அந்த ஒரு பக்கம் ஒழுங்கா வந்தா நீங்க 12 பக்கம் அழ வச்சிருக்கறது மொத்தமும் தேவைப்படாது.

எஸ்டேட் எல்லையில முனியாண்டி அருவாளோட நிக்கறாரே, அவரத் தாண்டி இது எப்படி உள்ள வந்துச்சுன்னு நான் கேக்க இருந்தேன், 38-ஆம் பக்கம் வந்ததும் வாய மூடிக்கிட்டேன். ஆட்டு உருவத்துல வந்து மாட்டிக்கிட்டு, மாலை போட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, தலைய சிலுப்புனா சாமி உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம், அது தெரியாம தண்ணி பட்டதும் நல்லா சொகமா சிலுப்பிட்டு நிக்குது பாருங்க, ஐயோ, நான் தனியா உக்காந்து அப்படி சிரிச்சேன். இந்த மாதிரி ஆளு நீங்க. இத எழுதத் தெரிஞ்சவரு 52-ஆம் பக்கத்துல இருந்து 63 வரைக்கும் “மானுடமே, உன் மடியில் எனக்கோர் இடம் தா” ன்னு ஏன் எழுதறீங்க? அதுவரைக்கும் லயத்துல பேசற மாதிரி பேசிக்கிட்டு இருந்த பூக்கா, சோகம் வந்ததும் பட்டிமன்ற மேடையில ஏறிடுச்சு. நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு இந்த வியாதி உண்டு, சிரிக்கறப்ப வீட்டுத் தமிழு, அழறப்ப மைக் தமிழு. உங்க வீட்டுல யாராச்சும் நெஜமா ஒடஞ்சு போயி அழுதத பாத்திருப்பீங்கல்ல, அவங்க என்ன பேசுனாங்கன்னு யோசிங்க. பாதி வாக்கியத்துல நிப்பாட்டிட்டு அடுப்ப தொடச்சிருப்பாங்க.

ஆனா தூக்கம் வர்றதுக்கு பாஷை மட்டும் காரணம் இல்ல. அதுக்கு ஏன் மனுச வாழ்க்கை மேல ஆச வந்துச்சுன்னு கதையில இல்லவே இல்ல. பொண்ணு அழகா இருந்தா, அதனால ஆசப்பட்டுச்சு, அவ்வளவுதான். அது நெனச்சா ஆயிரம் அழகு உருவம் எடுக்குமே, அதுக்கு அழகெல்லாம் எந்த மூலைக்கு?

காரணத்த நீங்களே எழுதி வச்சிருக்கீங்க, பாக்கல. 12-ஆம் பக்கம். ஒரு நெத்தி, அதான் ஒரு வரிசை மரம் முழுக்க 43 மங்க கவுத்து விட்டுட்டு மரத்து மேல உக்காந்து சிரிக்குது, நீங்களும் சேந்து சிரிச்சிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு போயிட்டீங்க. நான் போகல. எங்கம்மா 31 வருசம் பால் வெட்டுனவங்க. விடியக்காலம் இருட்டுல எந்திரிச்சு, நேத்து ஒட்டிக்கிட்ட கோட்டுப்பால உரிச்சு எடுத்துட்டு, அதே கோட்டுல காகிதம் மாதிரி ஒரு சீவல் பட்டைய எடுக்கணும், கொஞ்சம் ஆழமா போனா மரத்துக்கு காயம், ஆழம் பத்தலன்னா பால் வராது. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும், ஏறிட்டா பால் நின்னுடும். அப்புறம் திரும்ப அதே மரமெல்லாம் சுத்தி வந்து வாளில ஊத்தி, காண்டாவ (வாளி மாட்டி தோள்ல சுமக்கற கம்பு) தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு வந்து நிறுத்து, கிராணி எழுதி, அதுக்கப்புறம்தான் அன்னைக்கு கூலி. மழ பேஞ்சா அதுவும் போச்சு. 43 மங்கு கவுந்தா அந்த வீட்டுல அன்னைக்கு என்ன நடக்கும்? அந்தப் பொம்பள கிராணிகிட்ட என்னன்னு சொல்லுவா? பேய் கவுத்துடுச்சுன்னு சொன்னா செக்ரோல்ல, அந்த வருகைப் பதிவு புத்தகத்துல பேரு விழுமா?

பூக்கா அவ பின்னாலயே போகட்டும், தமாசு எப்படி போகுதுன்னு பாக்கறதுக்கு. பூனையா மாறி லயத்து வாசல்ல படுத்துக்கட்டும். அவ வந்து வாளிய வச்சிட்டு ஒண்ணும் பேசாம உக்காருறா, புருசன் கேக்கறான், ஒண்ணுமில்லங்கறா. ராத்திரி இருக்கற சோத்துல தண்ணிய ஊத்தி உப்பு போட்டு புள்ளைங்களுக்கு குடுத்துட்டு, மிச்சத்துல ஒரு கை அள்ளி அந்தப் பூனைக்கும் வைக்கறா. உப்பு போட்ட சோறு. அயர்லாந்து ஸ்காட்லாந்து பக்கமெல்லாம் ஃபேரிக்கு உப்பும் ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை, அதுக குடுக்கற சோத்துல உப்பு இருக்காதாம், மனுசன் அத சாப்பிட்டா திரும்பி வரவே முடியாதாம். இங்க நேர் மாறு. அது நம்ம சோத்த தின்னுட்டு மாட்டிக்குது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நாம சொல்றத அது வாயில புண்ணு வந்து படிச்சுக்குது. அந்தப் பொண்ணு அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல, அந்தப் பொம்பளைக்கு 40 வயசு கூட இருக்கட்டும். காதல்தான் வேணும்னா அப்புறமா வைங்க, நான் தடுக்கல.

இன்னொரு எடம், 31-ஆம் பக்கம். புதுசா வந்த மருமகளுக்கு ஃபேரி புடிச்சிருக்குன்னு வேப்பிலையால அடிக்கறாங்க, பூக்கா சன்னல்ல உக்காந்து சிரிக்குது, காமெடியா எழுதிருக்கீங்க. எனக்கு சிரிப்பு வரல. 1895 மார்ச் மாசம் அயர்லாந்துல டிப்பரரி பக்கம் பிரிட்ஜெட் கிளியரின்னு ஒரு பொண்ணு, தையல்காரி, ஒடம்பு சரியில்லாம படுத்திருந்தா. இது என் பொண்டாட்டியே இல்ல, ஃபேரிங்க மாத்தி வச்சிட்டுப் போன உருவம்னு சொல்லி புருசன் மைக்கேல் கிளியரி அவள கொன்னுட்டான், எரிச்சு. சொந்தக்காரங்களும் அந்த வீட்டுல இருந்தாங்க. அப்புறம் அவன் கறுப்புப் புடி போட்ட கத்தியோட ஒரு பழைய மண்கோட்டைக்கு போயி காத்துக்கிட்டு இருந்தான், நெஜப் பொண்டாட்டி வெள்ளக் குதிரையில வருவா, கட்ட அறுத்து கூட்டிட்டு வந்துடலாம்னு. 20 வருசம் தண்டனை, 15 வருசத்துல வெளிய வந்துட்டான். நம்ம எஸ்டேட்டுலயும் பேய் ஓட்டறேன்னு அடி வாங்குன பொம்பளைங்கள நான் பாத்திருக்கேன், ஒருத்தங்களுக்கு காது போயிடுச்சு. அந்த சீன எடுக்கச் சொல்லல. பூக்கா சிரிச்சுக்கிட்டு இருக்கறப்ப அவ வலியில சன்னலப் பாக்கட்டும், அது சிரிப்ப நிறுத்தட்டும். தன் பேரச் சொல்லி இன்னொருத்தி அடி வாங்குறா. தமாசுக்காரனுக்கு இதவிட பெரிய அறை கெடையாது.

சரி, இப்ப முக்கியமான விசயம். உங்க கதை எந்த வருசத்துல நடக்குது? ஒரு எடத்துல துரை இருக்காரு, இன்னொரு எடத்துல பங்களாதேஷ் ஆளு செம்பனைக் குலை வெட்டறாரு, 70-ஆம் பக்கத்துல பொண்ணு கையில ஃபோன். ஒரு வருசத்த புடிங்க. சுங்கை சிப்புட்காரர் நீங்க, உங்ககிட்ட நான் சொல்லணுமா, 1948 ஜூன் 16 காலையில உங்க ஊருப் பக்கத்து எஸ்டேட்டுகள்ல கம்யூனிஸ்ட்டுங்க மூணு வெள்ளக்காரத் துரைங்கள சுட்டாங்க, அதுல இருந்துதான் அவசரகாலமே (அவங்கள ஒடுக்க வெள்ளக்கார சர்க்கார் போட்டது) ஆரம்பிச்சுது. அதுக்கு அடுத்து சர்க்கார் என்ன பண்ணுச்சு? 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் அடையாளக் கார்டு. காகித கார்டுதான், ஒரு ஃபோட்டோ, ஒரு கட்டைவிரல் ரேகை. அதுக்கு முன்னால நம்ம பாட்டன் பூட்டனுக்கு ஐசின்னா என்னன்னே தெரியாது. காட்டுல ஒளிஞ்சிருந்த கம்யூனிஸ்ட்டுங்க அந்தக் கார்ட புடுங்கி கிழிச்சதும் நடந்திருக்கு.

நெனச்சுப் பாருங்க. நெனச்ச மொகம் எடுக்கற ஒண்ணு மனுசனாகணும்னு முடிவு பண்ணுது, முடிவு பண்ண அதே வருசம், அதே ஊருல, ஒவ்வொரு மனுசனுக்கும் ஒரே மொகம்தான்னு பேப்பர்ல ஒட்டி முத்திரை குத்த ஆரம்பிக்கறாங்க. இத நான் கற்பன பண்ணி சொல்லல, உங்க ஊரு உங்களுக்கு சும்மா தூக்கிக் குடுத்துருக்கு, நீங்க “ஒரு காலத்தில் ஒரு எஸ்டேட்டில்” னு ஆரம்பிச்சு வச்சிருக்கீங்க!

அதோட விடல. 1950-க்கு அப்புறம் எஸ்டேட் ஆளுங்களையும் ஒரே எடத்துல குமிச்சு சுத்தி முள்கம்பி போட்டாங்க. பொழுது சாஞ்சா கேட்ட மூடிடுவாங்க, கர்ஃபியூ. காலையில வெட்டுக்கு போறப்ப கேட்டுல நிறுத்தி சோதன போடுவாங்க, காட்டுல இருக்கறவங்களுக்கு சோறு போயிடக் கூடாதுன்னு அரிசிக்கு கட்டுப்பாடு. அந்தப் பொம்பளையால ஒரு கை சோறு கூட வெளிய கொண்டுவர முடியாது. பூக்காவுக்கு உப்புச் சோறு வேணும்னா அது வேலிக்கு உள்ள வரணும். வேலி எதுல பண்ணது? இரும்பு. சுத்தி நாலா பக்கமும் இரும்பு. உள்ள போயிட்டா மொசலா மாறி துள்ளறதெல்லாம் மறந்துட வேண்டியதுதான், ராத்திரி பூரா எலும்புக்குள்ள வலிக்கும், தெனமும் வலிக்கும். சாயங்காலம் கேட்ட சாத்தப் போறான், மணி அடிக்கறான், அது வெளிய நிக்குது. உங்க கதையோட நடுப்பகுதி இதான். கண்ணீரே வேணாம். அது உள்ள போறத மட்டும் எழுதுங்க, எப்படி நடந்துச்சு, எங்க கால வச்சுது, கம்பில சட்ட மாட்டுச்சா.

இப்ப முடிவு. உங்க தங்கச்சி கெட்டிக்காரி, அந்த வெளிச்சம் வேணாம். மனுசன்னா என்ன அடையாளம்னு நம்ம பக்கம் ரொம்ப நாளைக்கு முன்னாலயே யோசிச்சு வச்சிருக்காங்க. நளவெண்பால தமயந்தி சுயம்வரத்துல நாலு தேவருங்க நளன் மாதிரியே வந்து உக்காந்துடுவாங்க, அஞ்சு நளன். அவ எப்படி கண்டுபுடிச்சா? ஒருத்தன் மட்டும் கண்ண சிமிட்டுனான், அவன் காலு மட்டும் தரையில பட்டுச்சு, அவன் மாலை மட்டும் வாடுச்சு. அவன்தான் வேணும்னு அவ அந்த வாடற மாலைக்காரன எடுத்துக்கிட்டா. (காரைக்கால் அம்மையார் இதுக்கு உல்டா, இந்த ஒடம்பு வேணாம், பேய் உரு குடுன்னு கேட்டு வாங்குனாங்க. உங்க ஆயாக் கெழவி (ஆயக்கொட்டகையில புள்ளைங்கள பாத்துக்கறவ) பூக்காவ பாத்து “அந்த அம்மா வேணாம்னு போட்டது ஒனக்கு வேணுமாக்கும்” னு ஒரு குத்து குத்தலாம்.) அயர்லாந்து பக்கத்துல வேற மாதிரி சொல்றாங்க. ஃபேரிங்க ஒரு ஆள பாதிரியார்கிட்ட தூது அனுப்புமாம், கடைசி நாளுல எங்களுக்கும் கதி மோட்சம் உண்டான்னு கேக்கச் சொல்லி. அவரு, தன் பேர எழுதற அளவுக்கு ஒடம்புல ரத்தம் இருந்தா உண்டுன்னு சொல்லுவாராம். அவ்வளவு கூட இருக்காது அதுங்க ஒடம்புல. கேட்டதும் பெரிய ஓலம் கெளம்புமாம்.

பேரு எழுதற அளவுக்கு ரத்தம். இப்ப உங்க 7-ஆம் பக்கத்த எடுங்க.

பூக்கா பெரிய கிராணி உருவத்துல பெரட்டுக் களத்துல (விடியக்காலம் ஆளுங்கள நிறுத்தி பேரு கூப்புடற எடம்) நின்னு இன்னைக்கு லீவுன்னு சொல்லுது, எல்லாரும் சந்தோசமா கலையறாங்க, ஆயக்கொட்டகைக் கெழவி மட்டும் மொறச்சு பாக்குது. ஏன்னா எல்லாரும் காலையும் கையையும் தட்டிக்கிட்டு நிக்கறாங்க, விடியக்கால கொசு, இவரு மட்டும் கல்லு மாதிரி நிக்கறாரு, ஒரு கொசு கூட உக்காரல. இத எழுதிட்டு எப்படி தம்பி மறந்தீங்க? மழத்தண்ணி தேங்குன மங்கெல்லாம் கொசு, அந்தக் காட்டுல கொசு கடிக்காத ஒரே ஒடம்பு அதுதான், ஏன்னா உள்ள ஒண்ணுமே இல்ல. 94 பக்கத்துல இதான் உங்க பெஸ்ட்டு வரி, ஆட்டையும் சேத்து சொல்றேன்.

எங்கம்மா கட்டைவிரல பத்தி ஒண்ணு சொல்லிடறேன், ஒதவுமான்னு பாருங்க. ஒரு கவுன்டர்ல மெஷின்ல வெரல வைக்கச் சொன்னாங்க, வச்சாங்க, ஏறல. தொடச்சிட்டு வச்சாங்க, ஏறல. உளி புடிச்சு, பால்லயும் திராவகத்துலயும் ஊறி, ரேகையே தேஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு எரிச்சலா ஆன்ட்டி ஒழுங்கா அழுத்துங்கன்னு சொன்னப்ப அம்மா வெரல பாத்துக்கிட்டே மெதுவா சொன்னாங்க, இருந்துச்சும்மா, வச்சிருந்தேன்னு. உங்க பூக்காவுக்கு ஆரம்பத்துல ரேகை இருக்காது, வழவழன்னு இருக்கும், மைய தடவி கார்டுல அழுத்துனா வெறும் கறுப்பு வட்டம்தான் விழும், கிராணி ஒரு மாதிரியா பாப்பாரு. அத திருப்பி அனுப்பிடறாங்க. ரெண்டு வருசம் உளி புடிக்குது, வேலிக்குள்ள தூங்குது, கை வெந்து வெந்து தழும்பேறுது. எல்லாருக்கும் உளி ரேகைய அழிக்கும், இதுக்கு மட்டும் அந்தத் தழும்பே ரேகையா மாறுது.

கடைசில ஒரு நாள் விடியக்காலம் பெரட்டு. கிராணி செக்ரோல வச்சு பேரு கூப்புடறாரு. பாட்டி வச்ச குறளி, தாத்தா வச்ச பூனியான், துரை வச்ச பூக்கா, அதெல்லாம் இல்லாத ஒரு பேரு, அந்தப் பொம்பள வச்ச பேரு, சாதாரணமா, மாரிமுத்து, அந்த மாதிரி. அது ஆஜர்னு சொல்ல வாயத் தொறக்கறப்ப கழுத்துல சுருக்குங்குது. பட்டுனு அடிக்குது. உள்ளங்கையில நசுங்குன கொசுவும் ஒரு சொட்டு ரத்தமும். அத பாத்துக்கிட்டே நிக்குது, கிராணி என்னடா தூங்கறியான்னு ரெண்டாவது தடவ கூப்புடறாரு. அங்க நிறுத்திடுங்க. அது என்ன நெனச்சுதுன்னு தயவு செஞ்சு எழுதாதீங்க, உங்களுக்கு எழுதணும்னு கை வரும், எழுந்திருச்சு போயி ஒரு தே ஓ, பால் இல்லாத டீ, குடிச்சிட்டு வாங்க.

போட்டிக்கு இந்த வருசம் விட்டுடுங்க, அடுத்த தடவ பாக்கலாம். ரெண்டாவது பாதிய பழசப் பாக்காம புதுசா எழுதுங்க. பழச தொறந்து வச்சுக்கிட்டு எழுதுனா அந்த மானுடமே எப்படியாச்சும் உள்ள வந்துடும். உங்க ஊருல 1950-ல வேலிக்குள்ள இருந்தவங்க யாராச்சும் இன்னும் இருப்பாங்க, 80 வயசு தாண்டிருப்பாங்க, போயி கேளுங்க, வேலிக் கேட்ட எத்தன மணிக்கு மூடுவாங்க, சோறு எங்க சாப்பிட்டீங்க, ராத்திரி அவசரத்துக்கு எங்க போனீங்கன்னு. அரசியல் கேக்காதீங்க, அது அவங்களே சொல்லுவாங்க. அப்புறம் ஃபோன்ல டைப் பண்றப்ப ர வர்ற எடத்துல எல்லாம் ற விழுது, ஆட்டோ கரெக்ட ஆஃப் பண்ணுங்க, என் பென்சில் பாதி அதுக்கே தேஞ்சு போச்சு. முடிச்சதும் எனக்கே அனுப்புங்க, காசு வேணாம், ரெண்டாவது பாதிய மட்டும் பாத்துத் தர்றேன்.

அந்த ஆட்ட மட்டும் யாரு சொன்னாலும் வெட்டிடாதீங்க.